மொட்டைக் கிருமிகளும் என் கோபமும்

அன்புள்ள கணவருக்கு,

நான் நலம். உங்கள் நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும். போன வாரம் போனைப் படாரென்று வைத்துவிட்டு இப்போது அப்படி எழுதக் கை கூசுகிறது. போனில் பேசினால் மறுபடி சண்டைதான் வரும். அதனால்தான் கடிதம்.

முதலில் ஆய்வுக்கூடச் செய்தி. வாலில்லாமல் நீந்தும் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக உங்களிடம் பீற்றிக்கொண்டேன் அல்லவா? சாதாரண மைக்ராஸ்கோப்பில் துறுதுறுவென்று ஓடும். அதையே கழுவி, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படமெடுத்தால் மொட்டை. நீந்த வைக்கும் சாட்டை போன்ற வால் இருக்காது. பேராசிரியர் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை துறை முழுவதற்கும் முன்னால் நான் பேச ஏற்பாடு. என்ன உடுத்துவது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

நேற்று படங்களை இன்னும் பெரிதாக்கினேன். மொட்டைக் கிருமி ஒவ்வொன்றின் உடம்பிலும் வளைந்த ஒரு சின்னக் கொக்கி. உள்ளே சுழலும் மோட்டாரோடு வாலை மாட்டுவது அதுதான். வாலே இல்லாத ஜென்மத்துக்குக் கொக்கி எதற்கு? சுற்றிலும் நூல் நூலாகக் கிடந்ததைப் பார்த்தேன். அதைத் தூசி என்று சொல்லித்தான் மைக்ராஸ்கோப் அறை ஆபரேட்டரை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன். தூசியாவது மண்ணாவது! அத்தனையும் அறுந்த வால்.

கழுவும்போது கிருமிகள் இருக்கும் சோதனைக் குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். நான் உலுக்கு உலுக்கென்று உலுக்கியிருக்கிறேன். வாலோடு இருந்த படங்களும் சில உண்டு. வேறு கிருமி கலந்துவிட்டது என்று ஒதுக்கியிருந்தேன். அவற்றின் தேதிகளைப் பார்த்தேன். எல்லாம் நாம் சண்டை போடாத நாட்கள்.

பேராசிரியரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "சண்டையை வீட்லயே முடிச்சுட்டு வரக் கூடாதாம்மா?" என்றார். வீட்டில் முடிக்க ஆள் எங்கே இருக்கிறார் என்றேன். சிரித்துவிட்டார். பேச்சு ரத்தில்லை, தலைப்பை மட்டும் மாற்ற வேண்டுமாம். ஆபரேட்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆள் இன்னும் உம்மென்றுதான் இருக்கிறார்.

ஆனால் ஒன்று கேளுங்கள். படமெடுக்காமல் குழாயில் உயிரோடு மிச்சமிருந்த வாலறுந்தவற்றை இன்று காலை தீனியில் விட்டு, தொந்தரவு செய்யாமல் வைத்தேன். மாலையில் பார்த்தால் அதே கொக்கிகளிலிருந்து குட்டை குட்டையாகப் புது வால். கொக்கியும் மோட்டாரும் கெடாமல் இருந்தால் போதுமாம். அறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன், இந்த அற்பத்துக்குப் போய்.

இன்னும் இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்க்க ஒப்பந்தம் வந்திருக்கிறது என்றீர்கள். "போடுங்க கையெழுத்த, இங்க யாரும் உங்களுக்காக ஏங்கிக் கெடக்கல" என்று கத்தினேன். அது பொய். கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள். குழாயை இனி உலுக்க மாட்டேன். உங்களை உலுக்க மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்ய முடியாது. அதற்கும் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வழியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் கோபக்காரி