ஏற்றிப் பார்க்காத பேக்கப்

இன்று காலை மருந்துக் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒயர் கருகுகிற வாசனை வந்தது. இரவு மழையில் கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. திரை ஒருமுறை மின்னி அணைந்துவிட்டது. உடனே காதில் உன் குரல்தான் கேட்டது: "ஏத்திப் பார்த்தியாடி?"

சேலையூர்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாய், நான் செம்பாக்கம் ஏரிப் பக்கம் இந்தக் கடையைப் போட்டேன். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஆரம்பத்திலிருந்தே குறித்து வைப்பேன். அதையெல்லாம் விலைக்கு வாங்கிய ஒரு சாஃப்ட்வேரில் ஏற்றியிருந்தேன். அதை விற்றவன் கம்பெனியையே மூடிவிட்டுப் போய்விட்டான். லைசென்ஸ் தேதி முடிந்த அன்று திரை திறக்கவே இல்லை. ஏழு வருடக் குறிப்பும் உள்ளே மாட்டிக்கொண்டது. அன்று நான் உன்னிடம் போனில் அழுதது உனக்கு நினைவிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாய். குறிப்பையெல்லாம் சேர்த்து வைக்க ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் ஒன்று போடுகிறேன், காசே வேண்டாம் என்றாய்.

"இலவசமா? வைரஸ் வந்துடாது?"

"எங்க ஆபீஸ்லயே இதாண்டி ஓடுது. இதை எப்படி எழுதியிருக்காங்கன்னு உலகமே பிரிச்சுப் பார்க்கலாம். எவனும் கடையை மூடிட்டுப் போய் உன்னை மாட்டிவிட முடியாது. நாளைக்கு நானே இல்லன்னாலும் வேற யாராவது வந்து பார்ப்பாங்க."

அந்தக் கடைசி வார்த்தைக்காக உன் கையில் ஒரு அடி போட்டேன். நீ சிரித்துக்கொண்டே தொடர்ந்தாய். "காசு கேக்காது, ஆனா நீ கவனிச்சுக்கணும். சனிக்கிழமை சனிக்கிழமை எல்லாத்தையும் பென் டிரைவ்ல ஒரு காப்பி போட்டு பேக்கப் எடு. மாசம் ஒருவாட்டி அதை வேற மெஷின்ல ஏத்திப் பாரு. ஏத்திப் பார்க்காத பேக்கப் இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

பேக்கப் எடுத்தேன், ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்லை. ஆனால் ஏற்றிப் பார்த்ததே இல்லை. ஏதாவது தப்பாகி இருப்பதும் போய்விடுமோ என்று பயம். நீ கேட்கும்போதெல்லாம் "பார்த்தேன், பார்த்தேன்" என்றேன். நீ கண்ணை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. அந்தப் பொய்யை உன்னிடம் நான் ஒப்புக்கொள்ளவே இல்லை.

கருகல் வாசனை போவதற்குள் வெல்டிங் பட்டறை பாய் வந்துவிட்டார். கையில் புது டாக்டர் எழுதிய சீட்டு.

"பாப்பாக்கு ஜொரம்க்கா. போன தபா ஏதோ மருந்து சாப்ட்டு ஒடம்பெல்லாம் தடிச்சிகினு மூச்சே விட முடியலயே, அது இந்தச் சீட்டுல கீதான்னு பாருங்க. பேரு மறந்துட்சி. நீங்கதான் கம்ப்யூட்டர்ல போட்டுகினீங்க."

போன தடவை குழந்தையைப் பார்த்த டாக்டரின் போன் அணைந்திருந்தது. "கொஞ்சம் உக்காருங்க பாய்" என்றேன்.

வீட்டுக்குப் போன் போட்டு லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னேன். அலமாரிக் கதவின் உட்புறம் நீ ஒட்டிய தாளில், பேக்கப்பை ஏற்றும் முறை, உன் கோணல் கையெழுத்தில் எட்டு வரிகள். நெட்டில் இருந்து டேட்டாபேஸை இறக்கினேன். அது லைசென்ஸ் கேட்கவில்லை, நான் யாரென்றும் கேட்கவில்லை. ஏழாவது வரி, பென் டிரைவில் இருப்பதை ஏற்றுவது. என்டரைத் தட்டினேன். கோப்பு காலியாக இருந்தால்? இத்தனை சனிக்கிழமையும் நான் வெறும் கோப்புப் பெயரைத்தான் சேர்த்து வைத்திருந்தால்? பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சாமி பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

திரையில் எழுத்துகள் வரிவரியாக ஓடி நின்றன. நீ செய்து கொடுத்த அழகான திரை இல்லை, வெறும் பட்டியல்தான். பாயின் போன் நம்பரைப் போட்டுத் தேடினேன். குழந்தையின் பெயர் வந்தது. பக்கத்திலேயே அமாக்சிசிலின், ஒத்துக்கொள்ளாது, மூச்சுத்திணறல்.

சீட்டில் இருந்தது வேறு கம்பெனியின் வேறு பெயர். உள்ளே அதே மருந்து.

புது டாக்டரிடம் போனில் சொன்னேன். மாற்றி எழுதினார். "தேங்க்ஸ்க்கா" என்று பாய் கிளம்பிய பிறகு, ஸ்டூலில் உட்கார்ந்து உனக்கு இதை எழுத ஆரம்பித்தேன். பயம் இன்னும் விடவில்லை. இந்தப் பயம் என்னோடு இருக்கட்டும். இனி மாதாமாதம் இதுதான் என்னை அந்த லேப்டாப் முன்னால் உட்கார வைக்கும்.

நீ கேட்டாயே. ஏத்திப் பார்த்தேன்டி. இந்தத் தடவை பொய் இல்லை.