ரூபி வாய் திறந்த சேதி

அன்பு மகள் கார்லீனுக்கு,

இங்கே கென்டக்கியில் அப்பா, நான், கோழிகள், நாய் எல்லாரும் சுகம். அலாஸ்காக் குளிரில் நீ கம்பளிக் கையுறை மாட்டிக்கொண்டுதான் வெளியே போகிறாயா, அதை முதலில் எழுது.

உங்க அப்பா ஆசையாக வளர்த்த வேட்டை நாய் ரூபியை இந்த வருஷம், கோழி திருடும் ரக்கூனை ராத்திரியில் விரட்டி மரமேற்றும் வேட்டைப் போட்டியில் இறக்குவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். திடீரென்று ஒருநாள் காட்டிலிருந்து திரும்பியவர், "வில்மா, எல்லாம் போச்சு. இவ ஊமையாவே தடம் புடிக்கிறா. மரத்தடிக்குப் போனப்புறம்தான் வாயத் தொறக்கிறா" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மோப்பம் பிடித்து ஓடும்போதே நாய் குரைக்க வேண்டும், அந்தக் குரலைக் கேட்டதும் நாய்க்காரர் தன் நாயின் பேரைச் சொல்லிக் கூவ வேண்டும், ஊமையாக ஓடுகிற நாயைச் சேர்க்கவே மாட்டார்கள், இதெல்லாம் உனக்கே தெரியுமே. பக்கத்துப் பண்ணை ஓட்டிஸ், "சும்மா ரூபின்னு கூவிட்டுப் போயேன்யா, இருட்டுல யாரு பாக்கப் போறா" என்றதற்கு அப்பா மூன்று நாள் அவன் முகத்தில் விழிக்கவில்லை. பொய் சொல்லி வாங்குற கோப்பையில நான் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன் என்றார். கடைசியில் நாயை, ஊமை நாயே போதும் என்கிற அணில் வேட்டைக்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு.

அந்த ஆள் வந்த சாயங்காலம் கோழிக்கூண்டுப் பக்கம் ரக்கூன் வாடை அடித்ததோ என்னவோ, ரூபி பிய்த்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். ஓடும்போதே கீச்சுக் கீச்சென்று மெல்லிசாகக் குரைத்துக்கொண்டே போகிறாள்! வந்தவன், "நல்லாத்தானே கத்துது" என்கிறான். அப்பா, "எங்க? எங்க கத்துது?" என்கிறார். நானும் வந்தவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மரத்தடியில் அவள் அடித்தொண்டையில் குரைத்தபோதுதான், "இதோ, இப்பத்தான்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "யோவ், நாய்க்கு வாய் இருக்குய்யா, உனக்குத்தான் காது இல்ல" என்று கத்தினேன். அது நன்றாகவே கேட்டது அவருக்கு.

போட்டிக்கு நாயைப் பிடித்துக்கொண்டு நானே போனேன். ரூபி வாய் திறந்ததும் நான் போட்ட கூச்சலில் ஓட்டிஸ் காபியை மடியில் கொட்டிக்கொண்டான். மூன்றாம் இடம்! உங்க அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. அணில்காரனுக்கு அன்றைக்கே ஒரு பானை பீன்ஸும் சோள ரொட்டியும் கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்பினேன். அப்பாவின் காதுக் கருவிக்கு அளவு கொடுத்தாயிற்று.

இன்னொன்று கேளடி. நீ போனில் கூப்பிட்டால் அப்பா இரண்டு வார்த்தையில், "இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று தள்ளிவிடுகிறார், நீ அவ்வளவு தூரம் போன கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை என்று போன மாதம் அழுதாயே. நேற்று நாயைத் தடவிக்கொண்டே சொல்கிறார், "புள்ள குரலும் மெல்லிசு வில்மா. ரொம்ப நாளா அவ பேசுறது ஒண்ணுமே எனக்கு வெளங்கல. திரும்பத் திரும்பக் கேட்டா சலிச்சுக்குவாளோன்னுதான் ஒங்கிட்டக் குடுத்துடுவேன்."

கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஞாயிறு சர்ச் முடிந்து கூப்பிடு, அப்பாவிடம்தான் முதலில் பேச வேண்டும். நிறுத்தி நிதானமாக, உரக்கப் பேசு. அவர் நீட்டினாலும் நான் போனை வாங்கமாட்டேன்.

ஆசை முத்தங்களுடன்,
உன் அம்மா வில்மா