இட்லித் தட்டில் நீங்கள் வைத்துப்போன போல்ட்டுகள்

என்னங்க,

கல்யாணமான நாளிலிருந்து உங்களைக் கூப்பிட்டது இந்த ஒரு சொல்லால்தான். பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. கடிதம் என்பதற்காகப் புதிதாக மரியாதை கூட்டினால், எவளோ எழுதியிருக்கிறாள் என்று நீங்கள் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டீர்கள்.

முதலில் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. என் இட்லித் தட்டு. விருந்தாளி வந்தால் எடுக்கிற பெரிய தட்டைக் காணவில்லை என்று எதிர் வீட்டு விஜயாக்காவை எத்தனை நாள் சந்தேகப்பட்டேன்! கடைசியில் அது எங்கே இருந்தது? நம் கார் ஷெட்டில், உங்கள் பழைய வேட்டிக்கு அடியில், குழிக்கு ஒரு போல்ட்டை உட்கார வைத்துக்கொண்டு. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகுதான் அதைப் பார்த்தேன். திட்டவும் தோன்றியது, அழவும் தோன்றியது. இரண்டையும் செய்தேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுங்கள். இவர் சுரங்கத்தில், நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருந்தவர். எங்களிடம் ஒரு பழைய நீலக் கார் உண்டு. அதில் வேறு மெக்கானிக் கை படக் கூடாது இவருக்கு. லீவு நாளெல்லாம் அதன் அடியிலேயே கிடப்பார். அதனால் அதற்கு நான் வைத்த பெயர் சக்களத்தி. தைப்பூசத்துக்கு வடலூர் போய்த் திரும்பும்போது சக்களத்திக்குக் கொதித்துவிட்டது. என்ஜின் தலைக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கெட் போய், ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது. இவர் என்ஜின் தலையைக் கழற்றி, பண்ருட்டி லேத்தில் கொடுத்து அதன் அடிமுகத்தைச் சமன் செய்து கொண்டுவந்து ஷெட்டில் வைத்தார், இன்னும் மாட்டவில்லை. அடுத்த வாரம் காலை ஷிப்ட்டுக்குப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். எழுந்திருக்கவில்லை.

சரி, இனி நாம் பேசுவோம்.

சுரங்கத்தில் கொடுத்த குவாட்டர்ஸைக் காலி செய்யும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வடலூரில் நாம் கட்டிய வீட்டுக்குச் சாமான்களை அனுப்பிக்கொண்டிருந்தேன். பெங்களூரிலிருந்து நம் பிள்ளை போன் செய்தான். "அம்மா, அதப் பழைய இரும்புக்குப் போட்டுடும்மா. அப்பாவே இல்ல, அந்த வண்டிய வெச்சு என்ன பண்ணப் போற?" என்றான். அவன் கோபமாகச் சொல்லவில்லை, பாவம். உங்களோடு வேலை பார்த்த சேகர் அழைத்து வந்த மெக்கானிக்கும் எட்டிப் பார்த்துவிட்டு, "பிரிச்சுப் போட்ட வண்டில கை வெக்க மாட்டேம்மா" என்று போய்விட்டார். காலி செய்வதற்குள் வண்டி தானே நகர வேண்டும், இல்லாவிட்டால் காயலான் கடைக்கு. பிள்ளையிடம் அப்படித்தான் பேசி முடித்தேன்.

நானே மாட்டுகிறேன் என்று சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்தது. தையல் மிஷினைப் பிரித்து மாட்டியவள்தான் நான், அதற்கு மேல் என்ன தெரியும்? டார்ச் பிடித்துக்கொண்டு, சாப்பாடு ஆறுகிறது என்று உங்கள் பக்கத்தில் நின்று புலம்பியதுதான் என் படிப்பு.

ஆனால் ஷெட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தபோதுதான் உங்களைப் புரிந்தது. போல்ட்டுகள் கழற்றிய வரிசையிலேயே தட்டில் இருந்தன. அட்டைப் பெட்டியில் துளை போட்டு, வால்வைத் தள்ளுகிற ஒவ்வொரு கம்பியையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்திருந்தீர்கள். புது கேஸ்கெட் மடங்காமல் ஆணியில் தொங்கியது. எப்படியோ கிடக்கட்டும் என்று போட்ட ஒரு பொருள்கூட அங்கே இல்லை. அடுத்த ஷிப்ட் ஆளிடம், எது திறந்திருக்கிறது, எது முடிந்தது என்று சொல்லி ஒப்படைக்காமல் நீங்கள் கன்வேயரை விட்டு இறங்கமாட்டீர்கள். அதனால் எத்தனை தடவை நீங்கள் பஸ்ஸைத் தவறவிட, நான் காபியைத் திரும்பத் திரும்பச் சூடு செய்திருக்கிறேன்! வீட்டு வேலைக்கும் அதே பழக்கமா, இல்லை உள்ளுக்குள் ஏதாவது தெரிந்துதான் அப்படி வைத்தீர்களா?

என்ஜின் தலையில் படிந்திருந்த கரியைச் சுரண்டினேன். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, வால்வுகளை அதனதன் இருக்கையில் பசை தடவித் தேய்த்தேன். வால்வைப் பிடித்திருக்கிற குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைகிற மாதிரி உருட்ட வேண்டும். முதலில் கரகரவென்று சத்தம் வரும். பிறகு சத்தம் மெல்ல அடங்கி வழுவழுவென்று ஆகிவிடும். அந்த இடம் வந்ததும் கை நிறுத்தவே மாட்டேன் என்றது. மேலே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்து, ஒரு சொட்டும் கசியவில்லை என்று பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? இத்தனை வருஷம் லீவு நாளில் நீங்கள் எங்கே போய்விடுகிறீர்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். உங்கள் மேல் அவ்வளவு பெருமையாக இருந்தது.

தலையை ஏற்றி வைக்க சேகர் கை கொடுத்தார். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே போகிற வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக நானே இறுக்கினேன். தட்டின் குழிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

எல்லாம் முடிந்து சீட்டில் உட்கார்ந்தால், ஸ்டீயரிங்கில் உங்கள் சிவப்பு டேக். "ஆள் வேலை செய்கிறார். இயக்காதே." கீழே உங்கள் பெயர். வேலையிடத்துச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்து, அட்டையில் எழுதி நீங்கள் கட்டியது. நான் அவிழ்க்கக் கை நீட்டினேன். சேகர் தடுத்துவிட்டார்.

"அப்டியே அவுக்கக் கூடாதுங்க அண்ணி. வேலைய வாங்கிக்கினவங்க மொதல்ல அவங்க டேக்கக் கட்டணும். அப்பறம் கட்டுனவரு பேரச் சொல்லி ஒரு கொரல் குடுக்கணும். உள்ள ஆளு இல்லன்னு தெரிஞ்சாத்தான் அவுக்கலாம். அண்ணன் எங்களுக்கு இதத்தான் எப்பவும் சொல்லிகினே இருப்பாரு."

"நான் எப்படிப்பா அவர் பேரச் சொல்றது?"

சேகர் தலையைக் குனிந்துகொண்டு, "வேற யாருங்க சொல்றது" என்றார்.

சட்டைப் பெட்டி அட்டையை வெட்டி என் பெயரை எழுதிக் கட்டினேன். கல்யாணப் பத்திரிகையையும் ரேஷன் கார்டையும் விட்டால் நம் பெயர்கள் இரண்டும் ஒன்றாகத் தொங்கியது அங்கேதான். பிறகு கீழே இறங்கினேன். பானெட் பக்கம் நின்று உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சத்தமாகத்தான் கூப்பிட்டேன். காருக்கு அடியிலிருந்து 'ம்' என்று ஒரு குரல் வருமே, அதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. உங்கள் டேக்கை அவிழ்த்தேன்.

என் டேக்கையும் எடுத்துவிட்டு சாவியைத் திருப்பினால், டமார்! வழக்கம்போல் சுரங்கத்தில் வெடி வைக்கிறார்கள் என்று நினைத்து விஜயாக்கா அடுப்பை விட்டு நகரவேயில்லையாம். எனக்கு உயிரே போய்விட்டது. மறுநாள் காலையில் குவாட்டர்ஸ் சாவியை ஒப்படைக்க வேண்டும். மறுபடி என் டேக்கைக் கட்டிக்கொண்டு யோசித்தேன். ஊசி இறங்குகிற நேரமும் கீழே கொக்கி வருகிற நேரமும் பொருந்தாவிட்டால் தையல் விழாது. இங்கேயும் நேரம்தான் தப்பியிருக்க வேண்டும். பிளக்குகளுக்கு நேரம் பார்த்துப் பொறியை அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரில், மாட்டும் திசை தெரிய நீங்கள் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டை, சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நானே துடைத்துத் தொலைத்திருக்கிறேன்! பிளக் துளையில் விரல் வைத்து, சேகரை என்ஜினைக் கையால் சுற்றச் சொன்னேன். காற்று விரலைத் தள்ளும் இடம் பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரைப் பாதிச் சுற்று திருப்பி மாட்டினேன்.

டேக்கை எடுத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினேன். சக்களத்தி இருமினாள், சிலிர்த்தாள், பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரே சீரான சத்தம். சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பிள்ளைக்குப் போன் போட்டு என்ஜின் பக்கம் நீட்டினேன். "அப்பா வண்டிம்மா" என்றான்.

மறுநாள் சாவியை ஒப்படைத்துவிட்டு, நீங்கள் கற்றுக்கொடுத்தபடி நானே ஓட்டி வந்தேன். வடலூர் வரை தண்ணீர் கொதிக்கவில்லை. முன் சீட்டில் இட்லித் தட்டு வந்தது. அது இனி சமையலறைக்கு வராது, கவலைப்படாதீர்கள். எத்தனை தேய்த்தாலும் கிரீஸ் வாசம் போகவில்லை.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த என்ஜினைத் திறக்கும்போதெல்லாம் முதலில் என் டேக்கைக் கட்டுவேன். கழற்றியதைக் கழற்றிய வரிசையில் வைப்பேன், எனக்குப் பிறகு யார் வந்தாலும் தட்டைப் பார்த்து மாட்டும்படி. உங்கள் பெயரை ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. அது வேலைச் சட்டத்துக்காக. இனி எனக்கு நீங்கள் பழையபடி 'என்னங்க'தான்.

உங்களிடம் வேலையை வாங்கிக்கொண்ட,
உங்கள் மனைவி
கோமதி