அவருக்காக எழுதிய இரண்டாவது கடிதம்

ஜூன் 3, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். கடல் காற்று துளியும் இல்லை. தபால் வந்தது!! வீட்டுக்காரருடைய பென்ஷன் மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டார்களாம். அவருக்கு மறுபடி மருத்துவ போர்டு பரிசோதனை, 19ஆம் தேதி, ராணுவ ஆஸ்பத்திரியில். மாதாவே, நன்றி. பதற்றத்தில் ரசத்துக்கு இரண்டு முறை உப்பு.

போன தடவை வந்த பதில் இன்னும் மனப்பாடம்: மனநோய்க்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பில்லை. பதினேழு வருஷம் எல்லையில் நின்றவருக்கு. பிறக்கும்போதே கொண்டுவந்தது போல.

மாலை சுபேதார் அண்ணன் வந்தார். இவரோடு ஒரே ரெஜிமென்ட், பென்ஷன் காகிதம் எல்லாம் அவர்தான் பார்க்கிறார். போன தடவை மனைவி வாக்குமூலம் என்று நான் கொடுத்ததன் நகலைப் படித்துவிட்டு ஒரே சிரிப்பு.

"இன்னா தங்கச்சி இது? குடிக்க மாட்டார், ஞாயிறு பூசை தவற மாட்டார், ஒரு குறையும் இல்ல. கல்யாண மாப்ளைக்கு பங்குச் சாமியார் குடுக்கற லெட்டராட்டம் கீது!"

எனக்குத் தெரிந்த சான்று அது ஒன்றுதானே. புருஷன் குறையைத் தாளில் எழுதினால் பாவம் என்று நினைத்தேன். என் கையாலேயே கெடுத்திருக்கிறேன்.

"வூட்ல இன்னா நடக்குதோ அத்த எய்து. சாமி ஒண்ணும் கோச்சுக்காது."

ஜூன் 5, வியாழன்
எழுதினேன். என் நோட்டிலிருந்து:
– மே மாதம் முழுத் தூக்கம், நான்கே நாள்.
– துறைமுகத்தில் கன்டெய்னர் இறக்கும் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில், ஒன்பது தடவை.
– பக்கத்தில் நின்று குண்டடிபட்டுச் செத்த நண்பர் தேவா பெயரால் என்னைக் கூப்பிட்டது.
– நான் பயந்தது.

கடைசி வரியை அடித்தேன். திரும்ப எழுதினேன்.

அவர் பின்னாலேயே நின்று படித்திருக்கிறார்! எனக்கு உயிரே இல்லை.

"ஒம்பது இல்ல மேரி, பதிமூணு. நீ மீன் வாங்கப் போனப்ப நாலு தபா."

பேனாவை வாங்கி அவரே திருத்தினார். பக்கத்தில் கையெழுத்து வேறு. இத்தனை வருஷத்தில் இதைப்பற்றி வாய் திறந்ததே இல்லை. சந்தோஷத்தில் அழுகை. தோசை கருகல்.

ஜூன் 19, வியாழன்
ஷூ பாலிஷ், விறைப்பு எல்லாம் எப்போதும் போல. உள்ளே அவர், வெளியே ஜெபமாலையோடு நான். போன தடவை "நல்லாருக்கேன் சார்" என்று ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டார். இன்று நாற்பது!

"இன்னாங்க சொன்னீங்க?"

"எல்லாத்தையும். தேவா பத்தியும்."

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எங்கள் ஸ்டாப் ராயபுரம் தாண்டியும் எழுப்பவில்லை. இரண்டு ஸ்டாப் திரும்பி நடந்தோம்.

செப்டம்பர் 10, புதன்
தூறல். மாதா திருநாள் முடிந்து இரண்டு நாள். பதிவுத் தபால், இங்கிலீஷில். அண்ணனைக் கூப்பிடவா என்றேன். வேண்டாம் என்று அவரே பிரித்தார். ஊனமுற்றோர் பென்ஷன் உண்டு! ஆனால் அவர் அதற்கு மேலே இருந்த வரியையே மூன்று முறை படித்தார்: ராணுவப் பணியால் வந்த நோய்.

"அப்போ நான் கோழை இல்ல, மேரி."

"இல்லவே இல்ல!" என்று நான் கத்தியதில் மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.