அடுப்படிக்கு ஒரு ஜன்னல்

12-2-1958
திருக்கோகர்ணத்து மனையில் வீடு கட்டப் போகிறோம். இன்ஜினியர் திருப்பதி இன்று பிளானை விரித்துக் காட்டினார். முன்பக்கம் வளைவாக ஒரு பால்கனி. அதற்குக் கீழே கார் நிறுத்த இடம். எங்களிடம் இருப்பது ஒரு சைக்கிள். என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் பல்.

அடுப்படியைத் தேடினேன். கொல்லைப்பக்கம் ஒரு மூலையில் கிடந்தது, ஜன்னலே இல்லாமல்.

13-2-1958
"அடுப்படியை முன்னுக்குக் கொண்டாங்க. ரோட்டைப் பார்த்து ஒரு ஜன்னல் வைங்க" என்று கேட்டேவிட்டேன்.

"நீ ரசம் வைக்கிறது ஊருக்குத் தெரியணுமாக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

இன்ஜினியர் பென்சிலைச் சட்டைப்பையில் செருகிவிட்டார். "இப்ப வர்ற பில்டிங் எதுலயும் அப்படி ஸ்டைல் இல்லீங்க."

ஸ்டைல் இல்லையாம். இந்த வாடகை வீட்ல புகையில கண்ணு எரிய எரிய, வெளிய வெயிலா மழையான்னு தெரியாம நிக்கிறது நானு. புது வீட்லயும் இதே இருட்டுதானா? இந்த ஸ்டைலையெல்லாம் எவன் உக்காந்து முடிவு பண்றான்?

14-2-1958
அழுது பார்த்தேன். பலனில்லை.

20-2-1958
இன்ஜினியர் காபிக்கு வந்திருந்தார். அவர் காதில் விழும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன். "திருச்சியில ஒரு டாக்டர் பங்களா கட்டியிருக்காராம். அடுப்படி முன்னால, ரோட்டைப் பார்த்து இம்மாம் பெரிய ஜன்னலாம். அங்கிட்டு இப்ப எல்லாம் அப்படித்தானாம். நம்ம இன்ஜினியருக்குத் தெரியாமயா இருக்கும்?"

டாக்டரும் கிடையாது, பங்களாவும் கிடையாது.

இன்ஜினியர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் நேர்லயே போய்ப் பார்த்தேங்க. அதுதான் இப்பப் புது மாடல். நானே சொல்லணும்னு இருந்தேன்."

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. டம்ளரை எடுக்கிற சாக்கில் உள்ளே ஓடிவிட்டேன்.

3-12-1958
குடி வந்தாயிற்று. காலை வெயில் அடுப்பு மேடை வரைக்கும் வருகிறது. கீரைக்காரியை நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டேன். வீட்டுக்காரர் தெருவில் போகிறவர்களை நிறுத்தி ஜன்னலைக் காட்டுகிறார். அவர் யோசனையாம்.

9-6-1960
எதிர்வரிசையில் இரண்டு வீடு எழும்புகிறது. இரண்டிலும் அடுப்படி முன்னால்.

17-1-1961
பின்தெரு சின்னப்பிள்ளை வீடு கட்டப் போகிறாள். இன்று பிளானைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். ஊர்க்கதை பேசினாள். கிளம்பும்போது, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"மழையில கொல்லைக்கு ஓடிக் குளிச்சு முடியலக்கா. குளிக்கிற ரூமை வீட்டுக்குள்ளேயே வச்சா நம்ம ஆளுக சிரிக்கிறாக. திருச்சியில அப்படி ஏதும் வச்சிருக்காகளா?"

நான் இன்னும் திருச்சியைக் கண்ணால் பார்த்ததில்லை.

"வீட்டுக்கு வீடு இருக்கு" என்றேன்.