கம்பியில்லாத பத்து கீபோர்டுகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளா?

செவ்வாய்க்கிழமை இங்கே ஒரு சின்னக் கலாட்டா. பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. எங்கள் ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் எல்லாக் கணினியும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இயங்குதளத்தில்தான் ஓடுகிறது. அதற்கு ஒத்துவரும் கீபோர்டு வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இரண்டு தரம் சோதித்துத்தான் கம்பியில்லாத புளூடூத் கீபோர்டுகள் வாங்கினேன். ஆனால் ஓடிக்கொண்டிருந்த கணினியில் மட்டுமே சோதித்திருந்தேன்.

அன்று காலை மின்சாரம் போனது, கணினிகளைத் தாங்க வேண்டிய யுபிஎஸ் பேட்டரியும் கைவிட்டது. மின்சாரம் வந்ததும் பத்துக் கணினியும் கடவுச்சொல் கேட்டன. அதை அடித்தால்தான் லினக்ஸ் எழும். லினக்ஸ் எழுந்தால்தான் புளூடூத் வேலை செய்யும். எவ்வளவு தட்டியும் திரை அசையவில்லை. போன்கள் அலறின.

"யாரு இதை வாங்கினது?" என்று மேற்பார்வையாளர் அக்கா கத்தினார்.

"நான்தான்க்கா" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். காவலாளி மேசையிலிருந்த கம்பியுள்ள கீபோர்டைப் பிடுங்கி வந்து, ஒவ்வொரு கணினியிலும் செருகிக் கடவுச்சொல்லை அடித்தேன். அதுவரை முகவரிகளைக் காகிதத்தில் எழுதிச் சமாளித்தார்கள். ஒரு கர்ப்பிணிக்கு மட்டும் வண்டி ஆறு நிமிடம் தாமதம்.

மறுநாள் நானே ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். "தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்கம்மா" என்றார் நர்ஸ். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

கீபோர்டுகளை மாற்றியாகிவிட்டது. என் கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். அப்படியே உங்கள் குரலையும் பதிவுசெய்து போனில் அனுப்புங்கள். நாள் முழுக்கப் பதறுகிறவர்களின் குரலையே கேட்கிறேன். நீங்கள் செய்தித்தாள் வாசித்தாலும் போதும், என்னைத் திட்டினாலும் சரி.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் வாயாடி