முதலில் எங்க வூடு

இன்று மத்தியானம் லேப்டாப்பின் விசிறி இரைய ஆரம்பித்ததும், என்னை அறியாமல் சாப்பாட்டு டப்பாவை அதன் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். சூடான காற்று பட்டுப் புளிச்சோற்று வாசம் கிளம்பியது. பாவி, எல்லாம் நீ பழக்கிவிட்டது. "கம்பெனி கரெண்ட்டு சும்மா எதுக்கு வீணாப் போவணும்? சோறாவது சூடாவட்டும்" என்பாய்.

திருப்பதி அலுவலகத்தில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து நாம் கம்ப்யூட்டருக்குள் கட்டிய தெருதான் அதை இரைய வைப்பது. கண்டெய்னர் என்கிற சின்னச் சின்ன மென்பொருள் பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டு மின்சார ஸ்மார்ட் மீட்டராக நடிக்கும். ஒரு வீட்டின் ரீடிங்கை அடுத்த வீடு வாங்கிக் கைமாற்றித் தெருமுனைக் கம்பத்துக்குச் சேர்க்கும். வீடுகளுக்கு எண் போட்டால் போதும் என்றேன். நீ கேட்டால்தானே? வரதய்யபாளையத்து உன் தெருவையே கொண்டுவந்து இறக்கினாய். மாவு மில் வீடு, டெய்லர் வீடு, நடுவில் உங்கள் வீடு.

ஒரு மீட்டர் நின்றுபோனால் மற்றவை வேறு வழி கண்டுபிடிக்கின்றனவா என்பதுதான் சோதனை. "டெய்லர் வூட்ட அணைக்கட்டுமா?" என்று நான் கேட்டதும் பதறிப்போனாய்.

"ஏம்மா, விளக்கு எரிஞ்சிக்கினு இருக்கற வூட்ல அணைக்கறேன்னா சொல்லுவாங்க? மலையேத்தறேன்னு சொல்லு. அதுவும் அடுத்தவங்க வூட்லயா போயி கைய வைப்ப? மொதல்ல எங்க வூடு."

அன்றிலிருந்து எல்லாச் சோதனையும் உன் வீட்டில்தான் தொடங்கியது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற வீட்டுக்கு என்னடா சாஸ்திரம் என்று நான் கேலி செய்யாத நாளில்லை.

ஏர்பேடு சாலையில் உன் பைக் மீது லாரி மோதி நீ போன பிறகு என்னால் அந்த வீட்டைத் தொட முடியவில்லை. மற்றவற்றை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆனால் தெருக்கோடி வீடுகள் பேசுவது உன் வீட்டு வழியாக. அதை நிறுத்திப் பார்க்காமல் நிஜத் தெருவுக்கு எப்படி அனுப்புவது? அதற்கு இன்றுதான் கடைசி நாள். மேனேஜர் மேடம் பின்னால் வந்து நின்று, முதலில் எதை நிறுத்தப் போகிறாய் என்று தெலுங்கில் கேட்டார்.

"மொதல்ல எங்க வூடு" என்றேன். உன் பேச்சு என் வாயில் அப்படியே வந்துவிட்டது. மேடத்துக்குப் புரிந்ததோ என்னவோ, தோளில் கை வைத்தார்.

மலையேற்றினேன். டெய்லர் வீடு உன் வீட்டைக் கூப்பிட்டது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. அப்புறம் மாவு மில் பக்கம் திரும்பி அந்த வழியாகப் பேச ஆரம்பித்தது. திரையில் தெரு முழுக்கப் பச்சை. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அத்தனை சீக்கிரமாகவா?

டப்பாவைத் திறந்தேன். சோறு நன்றாகச் சூடேறியிருந்தது. வழக்கம்போல மூடியில் உனக்கும் கொஞ்சம் வைத்துவிட்டு, நிமிர்ந்து உன்னைக் கூப்பிட்டேன்.